மங்கலுக்கும் முகம் உண்டு

கேமரா வாங்கியவர்கள் இரண்டாவதாக வாங்கும் லென்ஸ் பெரும்பாலும் 50 மி.மீ. எஃப் 1.8 ஆகத்தான் இருக்கும். விலை குறைவு, கைக்கு அடக்கம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் ஆசையைக் கிளப்புவது பின்னணி மங்கும் அழகு. கேமராவோடு வந்த ஜூம் லென்ஸில் எடுத்தால் முகத்துக்குப் பின்னால் மின்கம்பமும் தண்ணீர் டேங்கும் அப்படியே நிற்கும். இந்தச் சின்ன லென்ஸை மாட்டி எஃப் 1.8ல் எடுத்ததும் அவை கரைந்து வெறும் நிறமாகிவிடும். மரத்தில் சுற்றிய சீரியல் செட் பல்புகள் ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஒளிவட்டமாக விரியும்.

அதே இடத்தில் நின்று, அதே எஃப் எண்ணில், வேறொரு கம்பெனியின் 50 மி.மீ. லென்ஸில் எடுத்துப் பாருங்கள். மங்கலின் அளவு மாறாது. ஆனால் ஒரு படத்தில் பின்னணி அமைதியாக ஒதுங்கி நிற்கும். இன்னொன்றில் இலைகளும் புல்லும் நடுங்குவதுபோல் இரட்டை இரட்டையாகத் தெரிந்து கண்ணைப் பிடித்து இழுக்கும். எவ்வளவு மங்குகிறது என்பது ஒரு கேள்வி, எப்படி மங்குகிறது என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு வடிவியல் விடை சொல்கிறது. இரண்டாவதற்கு அந்த லென்ஸை வடிவமைத்தவரின் முடிவுகள் விடை சொல்கின்றன. லென்ஸின் துளையான அப்பர்ச்சரைக் கூட்டிக் குறைக்கும்போது இரண்டுமே மாறுகின்றன. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாததால்தான் நம்மில் பலர் எப்போதும் லென்ஸை முழுக்கத் திறந்தே படமெடுக்கிறோம்.

மங்கலின் தன்மைக்கு ஜப்பானியப் புகைப்படக்காரர்கள் வைத்த பெயர் பொக்கே. 1997ல் அமெரிக்காவின் ‘போட்டோ டெக்னிக்ஸ்’ இதழில் அதன் ஆசிரியர் மைக் ஜான்ஸ்டன் வெளியிட்ட கட்டுரைகள் வழியாக அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் பரவியது. இன்று நம் ஊர் ஸ்டூடியோக்களிலும் புழங்குகிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். தூரத்தில் எரியும் ஒரு பல்பிலிருந்து புறப்படும் ஒளி லென்ஸின் துளை முழுவதையும் நிறைத்துக்கொண்டு உள்ளே நுழைகிறது. உள்ளே அது ஒரு கூம்பாகக் குறுகி ஒரு புள்ளியில் சேர வேண்டும். நாம் ஃபோகஸ் செய்திருப்பது அருகிலிருக்கும் முகத்தை என்பதால், பல்பின் ஒளி சென்சாருக்கு முன்பே புள்ளியாகக் கூடி, மறுபடி விரிந்து, விரிந்த நிலையில் சென்சாரில் விழுகிறது. கூம்பைக் குறுக்கே வெட்டினால் அடிப்பாகத்தின் வடிவம்தானே கிடைக்கும்? அடிப்பாகம் லென்ஸின் துளை. ஆகவே படத்தில் தெரியும் ஒளிவட்டம் பல்பின் வடிவம் அல்ல, லென்ஸின் துளையினுடைய வடிவம். கருப்பு அட்டையில் ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு நட்சத்திரம் வெட்டி 50 மி.மீ. லென்ஸின் முன் பொருத்துங்கள். பின்னணியில் இருக்கும் அத்தனை விளக்குகளும் நட்சத்திரங்களாகிவிடும்.

அந்த வட்டம் எவ்வளவு பெரிதாக விழும்? இதற்குப் பாடப்புத்தகச் சூத்திரங்கள் உண்டு. எனக்குப் பிடித்தது அவற்றைவிட எளிய ஒரு கணக்கு. வெகுதூரத்து விளக்கிலிருந்து வரும் கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருகின்றன. அவற்றில் லென்ஸுக்குள் நுழையப்போகும் கற்றையின் அகலம் துளையின் அகலமே. அந்தக் கற்றை வழியில் முகம் இருக்கும் தளத்தைக் கடக்கும்போதும் அதே அகலம்தான். லென்ஸ் அந்தத் தளத்தைத் துல்லியமாக வரைகிறது. ஆகவே தூரத்து விளக்கின் ஒளிவட்டம், முகத்தின் மேல் வைத்து அளந்ததுபோல், துளையின் விட்டத்துக்குச் சமமாக இருக்கும்.

துளையின் விட்டம் என்பது குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் ஏறக்குறைய 28 மி.மீ. படத்தில் ஒவ்வொரு தூரத்து விளக்கும் அந்த முகத்தின் ஒரு கண் அளவுக்கு விரியும். 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் துளை 47 மி.மீ.; வட்டம் முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டும். கைப்பேசியின் முதன்மைக் கேமராவிலும் எஃப் 1.8 என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதன் உண்மையான குவியத் தூரம் 7 மி.மீ. அளவில்தான் இருக்கும், துளை 4 மி.மீ. அந்த 4 மி.மீ. வட்டத்தால் தண்ணீர் டேங்கைக் கரைக்க முடியாது. சென்சார் பெரிதா சிறிதா என்பது இந்தக் கணக்கில் நேரடியாக வருவதே இல்லை. துளையும் தூரமும் மட்டும்தான்.

பின்னணி வெகுதூரத்தில் இல்லாமல் பக்கத்திலேயே இருந்தால் வட்டம் சிறுக்கும். எவ்வளவு? முகத்துக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள தூரத்தை, கேமராவுக்கும் பின்னணிக்கும் இடையிலுள்ள தூரத்தால் வகுத்து, அதைத் துளையின் விட்டத்தோடு பெருக்க வேண்டும். காசு மிச்சப்படுத்தும் கணக்கு இது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் 2 மீட்டரில் நின்று ஒருவரை இடுப்பளவு எடுக்கிறீர்கள். அவருக்கு ஒரு மீட்டர் பின்னால் சுவர். வட்டம் 28ல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 9 மி.மீ. இதே சட்டகத்தை 200 மி.மீ. எஃப் 5.6 ஜூமில் எடுக்க 8 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். துளை 36 மி.மீ. என்றாலும் வட்டம் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான், 4 மி.மீ. சுவரின் கறை, போஸ்டர் எல்லாம் தெரியும். அதே ஆளைச் சுவரிலிருந்து பிரித்து, பின்னால் தூரத்து மலை இருக்கும்படி நிறுத்துங்கள். இப்போது 50 மி.மீ. லென்ஸ் 28 மி.மீ. வட்டம் தர, அந்தச் சாதாரண ஜூம் 36 மி.மீ. தரும். ‘எஃப் 5.6 லென்ஸில் பின்னணி மங்காது’ என்று சொல்லி ஜூமை அலமாரியில் வைத்திருப்பவர்கள் ஒருமுறை வெட்டவெளிக்கு எடுத்துப்போய்ப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கின் உச்சத்தைக் காட்டும் லென்ஸ் ஒன்று உண்டு. அமெரிக்க விண்வெளி அமைப்பான நாசாவுக்காக ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்த 50 மி.மீ. எஃப் 0.7 பிளானார். மொத்தம் 10 மட்டுமே செய்தார்கள். அவற்றில் மூன்றை வாங்கிய இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக், 1975ல் வெளிவந்த ‘பேரி லிண்டன்’ படத்தின் சில காட்சிகளை மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே எடுத்தார். துளை 71 மி.மீ. நடிகர் நாற்காலியில் சற்றே முன்னால் சாய்ந்தாலும் முகம் மங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு வீடியோ கேமராவை வைத்து, நடிகர் எவ்வளவு நகர்கிறார் என்று திரையில் பார்த்துப் பார்த்து ஃபோகஸை மாற்ற வேண்டியிருந்தது.

அளவு இவ்வளவுதான். இனி வட்டத்துக்கு உள்ளே போவோம். எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

ஒரு படத்தில் விளக்கின் ஒளிவட்டம் ஒன்றைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். கச்சிதமான லென்ஸ் என்றால் வட்டம் முழுக்க ஒரே வெளிச்சமாக இருக்க வேண்டும். அப்படி இருப்பது அபூர்வம். சிலவற்றில் நடுப்பகுதி பளிச்சென்றும் ஓரம் மெல்ல மங்கியும் இருக்கும். சிலவற்றில் நடு மங்கலாகவும் ஓரத்தில் ஒரு பிரகாசமான வளையமும் இருக்கும். இதற்குக் காரணம் கோளப் பிறழ்ச்சி. கோள வடிவில் தேய்த்த கண்ணாடி, தன் ஓரத்தின் வழியே வரும் கதிர்களையும் நடுவின் வழியே வரும் கதிர்களையும் ஒரே புள்ளியில் சேர்ப்பதில்லை. ஓரக் கதிர்கள் கொஞ்சம் முன்னதாகவே சேர்ந்துவிடும். வடிவமைப்பாளர் பல கண்ணாடிகளை அடுக்கி இதைத் திருத்துகிறார். திருத்தம் குறைவாக இருக்கலாம், மிகையாகவும் இருக்கலாம்.

குறைவாகத் திருத்திய லென்ஸில் பின்னணி விளக்கின் ஓரக் கதிர்கள் முன்பே சந்தித்து, சென்சாருக்கு வருவதற்குள் அகலமாகப் பரவிவிடும். அதனால் வட்டத்தில் ஒளி, களத்தில் கொட்டிய நெல்லம்பாரம் போல, நடுவில் உயர்ந்து ஓரத்தில் தேய்ந்து இருக்கும். அப்படிப்பட்ட வட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது விளிம்பே தெரியாது. மிகையாகத் திருத்திய லென்ஸில் நேர்மாறு. ஓரக் கதிர்கள் வட்டத்தின் விளிம்பில் குவிந்து வளையமாக நிற்கும்.

ஒற்றை விளக்கில் இந்த வளையம் அழகாகக்கூட இருக்கலாம். புல்லில்தான் வினை. ஒரு காய்ந்த புல்தண்டு என்பது புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளியும் வளையம் போட்ட வட்டமாக மங்கினால், வட்டங்கள் வரிசையில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, இரு பக்க விளிம்புகளும் இரண்டு இணைகோடுகளாகத் திரளும். ஒரு தண்டு இரண்டு தண்டாகத் தெரியும். ஜப்பானியர்கள் இதை இருகோட்டுப் பொக்கே என்று தனியே பெயரிட்டு வெறுக்கிறார்கள். வேலிக்கம்பி, தென்னங்கீற்று, இலைகளின் இடுக்கில் தெரியும் வானம் ஆகியவை பின்னால் இருக்கும்போது இது பளிச்சென்று தெரிந்துவிடும். லென்ஸ் விமர்சனங்களில் வெறும் விளக்கு வட்டங்களை மட்டும் காட்டினால் நம்பாதீர்கள். புல்லையும் கீற்றையும் காட்டச் சொல்லுங்கள்.

இதில் விட்டுக்கொடுத்தல் ஒன்று இருக்கிறது. பின்னணியை மென்மையாக்கும் அதே குறைத்திருத்தம், முன்னணியில், அதாவது முகத்துக்கும் கேமராவுக்கும் நடுவே இருக்கும் பொருள்களில், வளையம் போடும். ஒரு பக்கம் இனித்தால் மறுபக்கம் கசக்கும். 1990ல் நிக்கான் கொண்டுவந்த 135 மி.மீ. எஃப் 2 டிசி லென்ஸில் இந்தத் தேர்வையே புகைப்படக்காரரின் கையில் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு கூடுதல் வளையம் உண்டு. ஒரு பக்கம் திருப்பினால் கோளப் பிறழ்ச்சி மாறிப் பின்னணி மென்மையாகும், மறுபக்கம் திருப்பினால் முன்னணி மென்மையாகும். எனக்குத் தெரிந்து லென்ஸ் வரலாற்றின் மிக நேர்மையான வளையம் அது.

வளையம் போட்ட வட்டத்தையே விரும்புகிறவர்களும் உண்டு. கிழக்கு ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரில் மேயர் ஆப்டிக் செய்த டிரையோப்ளான் 100 மி.மீ. எஃப் 2.8, மூன்றே கண்ணாடிகள் கொண்டது. 1893ல் இங்கிலாந்தில் டென்னிஸ் டெய்லர் கண்டுபிடித்த குக் டிரிப்லெட் அமைப்பின் வழித்தோன்றல். அதில் விளக்கோ பனித்துளியோ பின்னால் இருந்தால் மெல்லிய விளிம்போடு சோப்புக் குமிழிகளாக மிதக்கும். பல ஆண்டுகள் மலிவுச் சந்தையில் கிடந்த அந்த லென்ஸை, குமிழிகளுக்காகவே இன்று அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். குறை என்று கருதப்பட்டது ஒரு கையெழுத்தாகிவிட்டது.

அடுத்து வட்டத்தின் வடிவம். முழுக்கத் திறந்த 50 மி.மீ. லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நேராக அதன் வழியே பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரியும். இப்போது லென்ஸை மெல்லச் சாயுங்கள். முன்பக்கக் கண்ணாடியின் விளிம்பும் பின்பக்கக் கண்ணாடியின் விளிம்பும் விலகி, இரண்டு வட்டங்கள் ஒன்றையொன்று மறைத்து, நடுவில் எலுமிச்சை வடிவில் ஒரு திறப்பு மட்டும் மிஞ்சும். படத்தின் மூலையில் இருக்கும் விளக்கு லென்ஸை இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறது. அதனால் நடுவில் வட்டமாக இருக்கும் விளக்குகள் ஓரத்துக்குப் போகப் போகப் பூனைக்கண்ணாக நசுங்குகின்றன. எல்லாம் படத்தின் மையத்தைச் சுற்றியே நசுங்குவதால், ஓரங்களில் பின்னணியே சுழல்வதுபோல் தோன்றும்.

இந்தச் சுழலுக்குப் பெயர்போனது சோவியத் ரஷ்யாவின் ஹீலியோஸ் 44. 58 மி.மீ. எஃப் 2. கார்ல் ஸைஸ் யேனாவின் பயோட்டார் லென்ஸின் வழியில் செய்யப்பட்டு, ஸெனிட் கேமராக்களோடு பெரும் எண்ணிக்கையில் விற்றது. இலைகள் நிறைந்த பின்னணியில் எஃப் 2ல் எடுத்தால் முகத்தைச் சுற்றி மரம் சுழலும். இன்னும் பின்னோக்கிப் போனால் 1840. வியன்னாவில் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்ஸ்வால், பீரங்கிப் படையிலிருந்து கணக்குத் தெரிந்த வீரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, உருவப்படங்களுக்கென்று ஒரு லென்ஸைக் கணக்கிட்டே வடிவமைத்தார். அது எஃப் 3.6 அளவுக்குத் திறந்தது. அதற்கு முன்பிருந்த லென்ஸ்களைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. உருவப்படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டிய நிலையை மாற்றிய லென்ஸ் அது. மையத்தில் கூர்மை, ஓரங்களில் சுழல். இந்தச் சுழலில் பூனைக்கண்ணோடு, ஓரத்தில் ஃபோகஸ் தளம் வளைந்துபோவதும் சேர்ந்திருக்கிறது. அந்தத் தோற்றத்துக்காகவே 2013ல் லோமோகிராஃபி நிறுவனம் பெட்ஸ்வால் லென்ஸைப் பித்தளையில் மறுபடி செய்தது.

சினிமாவில் ஒளிவட்டம் நிமிர்ந்த முட்டை வடிவம் எடுத்தது சினிமாஸ்கோப் வந்தபோது. 1953ல் ‘தி ரோப்’ படத்தோடு வந்த அந்த முறையில், அகலக் காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் படச்சுருளில் பதித்துத் திரையில் விரிப்பார்கள். நெருக்கும் லென்ஸ் கிடைமட்டமாக ஒரு குவியத் தூரத்தோடும் செங்குத்தாக வேறொன்றோடும் வேலை செய்வதால், மங்கிய விளக்குகள் திரையில் உயரமாக நீள்கின்றன. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973ல் வந்த ‘ராஜராஜ சோழன்’. இந்த முறையில் எடுத்த எந்தப் படத்திலும் இரவுக் காட்சி வந்தால் பின்னணி விளக்குகளைக் கவனியுங்கள். எந்த வகை லென்ஸ் என்று விளக்கே சொல்லிவிடும்.

கண்ணாடிக்குப் பதில் வளைந்த ஆடிகளை வைத்துச் செய்த 500 மி.மீ. எஃப் 8 லென்ஸ்களில் நடுவில் ஒரு சிறு ஆடி வழியை மறைத்துக்கொண்டிருப்பதால் ஒளிவட்டத்தின் நடுவே ஓட்டை விழும். அப்பர்ச்சரை மாற்றவும் முடியாது. பறவைப் படங்களில் பின்னணி நீர் முழுக்க வளையங்களாக மின்னுவதை ரசிப்பவர்கள் இருக்கலாம், எனக்குத் தலைவலிதான்.

இனி அப்பர்ச்சரை மாற்றிப் பார்ப்போம். பழைய கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 இரண்டாம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். 1990ல் வந்தது, லட்சக்கணக்கானோரின் முதல் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ். இருட்டில் 2 மீட்டரில் ஒரு பொம்மை, 10 மீட்டர் பின்னால் சீரியல் செட்.

எஃப் 1.8ல் நடுவில் முழு வட்டங்கள். மூலைகளில் எலுமிச்சைகள். எஃப் 2.8க்கு வந்ததும் துளை 28லிருந்து 18 மி.மீ.க்குச் சுருங்குகிறது. வட்டங்கள் சிறுத்தாலும் இரண்டு நல்ல காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, சுருங்கிய துளை முன், பின் விளிம்புகளுக்குள் அடங்கிவிடுவதால் மூலை வட்டங்கள் நிமிர்ந்து உருண்டையாகின்றன. இரண்டு, பிறழ்ச்சி மிகுந்த ஓரக் கதிர்கள் வெட்டுப்படுகின்றன. துளையின் ஆரம் பாதியானால் கோளப் பிறழ்ச்சியால் கதிர் விலகும் அளவு ஏறக்குறைய எட்டில் ஒன்றாகிவிடும். 1.8லிருந்து 2.8 என்பதற்கே அது கால்பங்குக்கு வந்துவிடுகிறது. வட்டத்தின் ஓர வளையம் அடங்கிப் புல்தண்டு மறுபடி ஒற்றைத் தண்டாகிறது. முகமும் கூர்மையாகிறது.

ஆனால் இந்த லென்ஸில் துளையை மூட இருப்பது ஐந்தே தகடுகள், அதுவும் நேர் விளிம்பு கொண்டவை. முழுக்கத் திறந்திருக்கும்போது தகடுகள் ஒளியின் வழியில் வருவதில்லை. அதனால் எஃப் 1.8ல் வட்டம். எஃப் 2.8லேயே விளக்குகள் ஐங்கோணமாகிவிடும். 2015ல் வந்த எஸ்டிஎம் பதிப்பில் கேனன் வளைந்த விளிம்புள்ள ஏழு தகடுகளை வைத்தது. அதனால் ஓரிரு ஸ்டாப் (ஒளியைப் பாதியாக்கும் படி) மூடினாலும் வட்டம் வட்டமாகவே நிற்கிறது. டிரையோப்ளான் போன்ற பழைய லென்ஸ்களில் 15 தகடுகள்கூட இருந்தன. அவற்றில் துளையைக் கையால் மெதுவாக மூடினார்கள். ஷட்டரை அழுத்திய கணத்தில் தானாக மூடித் திறக்க வேண்டும் என்று எஸ்எல்ஆர் கேமராக்கள் கேட்டபோது, உராய்வையும் எடையையும் குறைக்கத் தகடுகளைக் குறைத்தார்கள். வேகத்துக்காக வட்டத்தைக் கொடுத்தார்கள். நேர்விளிம்புத் தகடுகளுக்கு ஒரு நன்மையும் உண்டு: எஃப் 16ல் சூரியனையோ தெருவிளக்கையோ எடுத்தால் கூரிய கதிர்கள் கிடைக்கும். தகடுகள் இரட்டைப்படை என்றால் அத்தனை கதிர்கள், ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. ஐந்து தகட்டுக்குப் பத்துக் கதிர்கள்.

எஃப் 4ல் துளை 12.5 மி.மீ., எஃப் 8ல் 6 மி.மீ. இப்போது இன்னொரு மாற்றம் தெரியும். வெளிச்சக் குறைவை ஈடுகட்ட ஷட்டர் நேரத்தைக் கூட்டியிருப்போம். விளக்கின் ஒளிவட்டத்துக்கோ துளை சுருங்கியதால் வெளிச்சம் குறையவில்லை. நுழையும் ஒளி குறைந்த அதே விகிதத்தில் அது விழும் பரப்பும் குறைந்துவிட்டது. ஆகவே கூட்டிய நேரம் முழுவதும் வட்டத்தைப் பளிச்சிடவைக்கிறது. எஃப் 1.8ல் ஆரஞ்சு நிறம் தெரிந்த வட்டம் எஃப் 8ல் சின்னதாக, வெளுத்து, விளிம்பு கூர்ந்து நிற்கும். பின்னணி விளக்குகள் நிறத்தோடு வேண்டும் என்றால் துளையைத் திறந்து வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வட்டத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது வேறு தடயங்களும் கிடைக்கும். உள்ளே வெங்காயத்தை வெட்டியதுபோல் வளைய வளையமாகக் கோடுகள் தெரிந்தால் லென்ஸில் கோளமல்லாத வடிவக் கண்ணாடி இருக்கிறது என்று பொருள். அதை அச்சில் அழுத்திச் செய்கிறார்கள். அச்சைக் கடைந்த கருவியின் நுண்கீறல்கள் கண்ணாடியில் பதிந்து ஒளிவட்டத்தில் வெளிப்படுகின்றன. 2016ல் தன் ஜி மாஸ்டர் லென்ஸ்களைக் கொண்டுவந்தபோது, இந்தப் பரப்பை 0.01 மைக்ரான் துல்லியத்துக்குக் கொண்டுவந்ததாக சோனி அறிவித்தது முழுக்க இந்த வெங்காய வளையத்தை ஒழிக்கத்தான். வட்டத்தின் விளிம்பில், பின்னணியில் பச்சையும் முன்னணியில் கருஞ்சிவப்பும் தெரிந்தால் அது நிறப்பிறழ்ச்சி. இரண்டு ஸ்டாப் மூடினால் பெரும்பாலும் அடங்கும்.

வட்டத்தின் விளிம்பையே இல்லாமல் செய்ய முடியாதா? முடியும். நடுவில் தெளிவாகவும் ஓரத்துக்குப் போகப் போகக் கருத்தும் இருக்கும் ஒரு கண்ணாடியைத் துளையருகே வைத்தால் போதும். 1999ல் விற்பனைக்கு வந்த மினோல்டா 135 மி.மீ. எஸ்டிஎஃப் லென்ஸ் இதைத்தான் செய்தது. அதில் மங்கிய விளக்குக்கு எல்லையே இருக்காது. விலை என்ன தெரியுமா? வடிவியல்படி எஃப் 2.8, உள்ளே வரும் வெளிச்சமோ 4.5க்கு உரியது. பாதிக்கு மேல் ஒளி கருப்புக் கண்ணாடியில் தொலைந்தது. அதில் ஆட்டோ ஃபோகஸும் கிடையாது. துளையை நன்றாக மூடினால் கருத்த ஓரமே மறைந்துபோய், அது சாதாரண லென்ஸாகிவிடும். ஆக, இந்த லென்ஸ் திறந்து வைத்து எடுப்பதற்கென்றே பிறந்தது. பிறகு ஃபியூஜிஃபில்ம் 2014ல் 56 மி.மீ. லென்ஸிலும், சோனி 2017ல் 100 மி.மீ. லென்ஸிலும், கேனன் 2019ல் 85 மி.மீ. லென்ஸில் பூச்சாகவும் இதே வழியை எடுத்தன.

கைப்பேசியின் போர்ட்ரெய்ட் மோடுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதன் சிக்கல் வேறு. 2016ல் ஐஃபோன் 7 பிளஸ் இரண்டு கேமராக்களின் பார்வை வேறுபாட்டிலிருந்து தூரத்தைக் கணித்தது. 2017ல் கூகுளின் பிக்ஸல் 2, ஒரே லென்ஸின் இடப்பாதியும் வலப்பாதியும் காணும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வேறுபாட்டை வைத்தே அதைச் செய்தது. தூரம் தெரிந்ததும் பின்னணியை மென்பொருள் மங்கலாக்குகிறது. கலைந்த முடியிழையில் அது தடுமாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். உள்ளே இருக்கும் தடுமாற்றம் வெளிச்சத்தைப் பற்றியது. உண்மையான பல்பு, வெள்ளைச் சட்டையைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பிரகாசமானது. லென்ஸ் அதை விரித்தாலும் பிரகாசம் மிஞ்சி நிற்கும். ஆனால் படத்தில் பதிவான பிறகு பல்பும் சட்டையும் ஒரே வெள்ளை. அதை மங்கலாக்கினால் சாம்பல் கறைதான் வரும். அதனால் பல்பு உண்மையில் எவ்வளவு பிரகாசம் என்று ஊகித்து, பிறகு விரிக்க வேண்டியிருக்கிறது. கைப்பேசி நிறுவனங்கள் இதில் வேகமாக முன்னேறுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்த வட்டங்களைப் பார்க்கக் கிட்டப்பார்வைக்காரர்களுக்குக் கேமராவே வேண்டாம். இரவில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தூரத்துத் தெருவிளக்கைப் பாருங்கள். அது வட்டமாக விரிந்திருக்கும். அந்த வட்டம் உங்கள் கண்பாவையின் வடிவம். கூர்ந்து பார்த்தால் அதற்குள் இழைகளும் புள்ளிகளும் தெரியும். அவை உங்கள் கண்ணின் சொந்தப் பிறழ்ச்சிகள்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். முகத்தில் ஒரு கண் மட்டும் கூர்ந்து, காது கரைந்து, பின்னணி எந்த ஊர் என்றே தெரியாமல் போகும் படங்கள் எனக்கு உவப்பாக இல்லை. நெசவாளரை எடுத்தால் பின்னால் தறி தறியாகத் தெரிய வேண்டும், ஆனால் அவர் முகத்தோடு போட்டி போடக் கூடாது. அதற்கு மங்கலின் அளவைவிடத் தன்மைதான் உதவுகிறது. 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் இது பெரும்பாலும் எஃப் 2.5க்கும் 3.2க்கும் நடுவே கிடைக்கிறது. மங்கல் போதவில்லை என்றால் துளையைத் திறப்பதற்கு முன் ஆளைச் சுவரிலிருந்து நாலடி முன்னால் வரச் சொல்லுங்கள்.

புது லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் தங்கள் கேமராவையும் மெமரி கார்டையும் கடைக்கு எடுத்துப் போங்கள். கடை வாசலில் நின்று, தூரத்தில் விளக்கும் பக்கத்தில் ஏதாவது ஒரு செடியும் பின்னணியில் வரும்படி, எஃப் 1.8, 2.8, 4 மூன்றிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். விளக்கு ஒருமுறை நடுவிலும் ஒருமுறை மூலையிலும் இருக்கட்டும். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மறுநாள் பணம் கொடுங்கள்.